ஒரே குவார்ட்டர் தம்பிக்கு ஏறுகிறது, அண்ணனுக்கு ஏறவில்லை. ஏன்?

தங்கச்சிமடம் பக்கத்திலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறார். அவருடைய வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் ஒரே விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர்கள். கரைக்கு வந்த அன்று ஆளுக்கொரு குவார்ட்டர். கொழுந்தனார் பாதியிலேயே பாட ஆரம்பித்து, அப்புறம் யாரிடமாவது சண்டைக்கு நின்று, கடைசியில் வாசலிலேயே மட்டையாகிவிடுகிறார். வீட்டுக்காரர் முழுவதையும் குடித்துவிட்டு நேராக நடந்து வந்து, சாப்பிட்டுப் படுக்கிறார். "பெரியவனுக்கு உடம்பு ஏத்துக்குது, சின்னவனுக்குத்தான் ஒத்துக்கல" என்கிறார் மாமியார். இது உண்மையா? 19 வயது மகன் இந்த வருடம் படகேறப் போகிறான், அவன் அப்பாவைப்போல இருப்பானா, சித்தப்பாவைப்போல இருப்பானா? இதுதான் கேள்வி.

இரண்டு பேருக்கும் ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்பதுபோல இருக்கிறது. அதற்கு நீளமாகவே பதில் சொல்லப்போகிறேன். ஆனால் உங்களை உறுத்துவது மாமியார் சொல்லாமல் சொன்ன முடிவு என்று நினைக்கிறேன்: போதை தெரியாதவரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாமா? அதற்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், இருவரில் எனக்கு அதிகக் கவலை தருபவர் உங்கள் வீட்டுக்காரர். நான் பொது மருத்துவம் படித்து, இந்தக் கரையோரத்து அரசு மருத்துவமனைகளில் பல வருடம் வார்டு பார்த்தவன். மஞ்சள் காமாலையோடும் ரத்த வாந்தியோடும் வந்து படுத்தவர்கள் பலரைப் பற்றி வீட்டார் சொல்வது, "அவரு குடிச்சா தெரியவே தெரியாது சார்" என்பதுதான். ஆளைப் பார்க்காமல், ரத்தப் பரிசோதனை இல்லாமல், அவருக்கு இன்ன நோய் என்று நான் சொல்ல முடியாது. உறுதியாகத் தெரிந்தது எது, இன்னும் வாதத்தில் இருப்பது எது என்று பிரித்துச் சொல்ல முடியும்.

முதலில் கணக்கு. நம் கடைகளில் விற்கும் பிராந்தி, ரம் பெரும்பாலும் 42.8 சதவீதம். ஒரு குவார்ட்டரில், அதாவது 180 மில்லியில், சுத்த ஆல்கஹால் 77 மில்லி, எடையில் 60 கிராம் சொச்சம். 650 மில்லி ஸ்ட்ராங் பீர் 8 சதவீதம் என்றால் அதில் 41 கிராம் இருக்கிறது, அதனால் "பீர்தானே" என்று இரண்டு பாட்டில் முடிப்பவர் குவார்ட்டரைத் தாண்டிவிட்டார். ஆல்கஹால் கொழுப்பில் அதிகம் போகாது, உடம்பிலுள்ள நீரில்தான் பரவும். ஆகவே நீர் அதிகமுள்ள பெரிய உடம்பில் அதே 60 கிராம் நீர்த்துப்போகும். சுவீடனைச் சேர்ந்த எரிக் விட்மார்க் 1932-ல் இதற்கு ஒரு சூத்திரம் கொடுத்தார், நீதிமன்றங்களில் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள். உங்கள் வீட்டுக்காரர் 80 கிலோ, கொழுந்தனார் 55 கிலோ என்று வைத்துக்கொண்டு போட்டுப் பார்த்தால், ஒரே குவார்ட்டரில் அண்ணன் ரத்தம் 100 மில்லிக்கு ஏறக்குறைய 110 மில்லிகிராம் வரை போகும், தம்பியுடையது 160 வரை போகும். அதே 55 கிலோ எடையுள்ள ஒரு பெண் குடித்தால் 200-ஐத் தொட்டுவிடும். பெண்களின் உடம்பில் நீரின் பங்கு குறைவு, அவ்வளவுதான், மனஉறுதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வயது ஏறினாலும் நீர் குறையும். வண்டி ஓட்ட நம் சட்டம் அனுமதிக்கும் உச்சம் 30 மில்லிகிராம். ஆக நேராக நடந்து வருபவரும் அந்த அளவைப்போல மூன்று மடங்கைத் தாண்டித்தான் நடக்கிறார். இது உச்சக் கணக்கு. மெதுவாகக் குடித்தால், சாப்பிட்டபின் குடித்தால், குறையும்.

சாப்பாடு பெரிய விஷயம். ஆல்கஹாலில் கொஞ்சம் இரைப்பையிலேயே உறிஞ்சப்படும். பெரும்பகுதி சிறுகுடலுக்குப் போன பிறகுதான் ரத்தத்தில் வேகமாக ஏறும். வயிற்றில் சோறும் குழம்பும் இருந்தால் இரைப்பை தன் கதவைச் சீக்கிரம் திறக்காது. நம் பக்கத்தில் நடப்பது என்ன? இரவு முழுவதும் வலை போட்டு இழுத்துவிட்டு, காலையில் கரை சேர்ந்து, மீன் இறக்கி, விலை போட்டு, பங்கு பிரித்து முடிக்கும்போது கடை திறக்கும் நேரமாகிவிடுகிறது. வெறும் வயிறு, ஒரு பாக்கெட் ஊறுகாய். தூக்கமும் கிடையாது. தூக்கம் கெட்டவருக்கு ரத்தத்தில் அளவு அதேதான் இருந்தாலும் மயக்கம் அதிகமாக இருக்கும் என்பது சோதனைகளில் நன்றாகவே தெரிந்த ஒன்று. உங்கள் கொழுந்தனார் வலை இழுக்கும் ஆளா, வீட்டுக்காரர் டிரைவரா, யார் எவ்வளவு நேரம் கண்ணயர்ந்தார்கள் என்பதைக்கூடக் கேட்டுப் பார்க்க வேண்டும். சாப்பிடாமல் குடிப்பவர், தூங்காமல் குடிப்பவர், மடமடவென்று ஊற்றிக்கொள்பவர் இவர்களுக்கெல்லாம் ஏறுவது வேகமாக இருக்கும். எவ்வளவு உள்ளே போனது என்பதைப்போலவே எவ்வளவு வேகமாகப் போனது என்பதும் மனிதனை மாற்றும்.

இறங்குவது ஏறுவதைப்போல இல்லை. ஈரல் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதம் இறக்கும். ஆளுக்கு ஆள் 10 முதல் 20 வரை வேறுபடலாம், தினமும் குடித்துப் பழகியவருக்கு இன்னும் கூடலாம். எலுமிச்சைச் சாறு, மோர், கட்டன் காப்பி, கடலில் ஒரு முங்கு, எதுவும் இந்த வேகத்தைக் கூட்டாது. மேலே சொன்ன கணக்கிலேயே, இரவு 9 மணிக்குக் குவார்ட்டர் முடித்த தம்பி விடியற்காலை 4 மணிக்குப் படகேறினால் அவர் ரத்தத்தில் அப்போதும் 55 இருக்கும். தெளிந்துவிட்டேன் என்பார். சொல்வது பொய்யும் இல்லை. 1919-ல் எட்வர்ட் மெல்லன்பி என்ற ஆங்கிலேய மருத்துவர் நாய்களை வைத்துக் காட்டியது இதைத்தான்: ரத்தத்தில் அளவு ஒன்றேயானாலும், ஏறும்போது இருக்கும் தள்ளாட்டம் இறங்கும்போது இருப்பதில்லை. சில மணி நேரத்துக்குள்ளேயே மூளை கொஞ்சம் பழகிவிடுகிறது. ஆனால் மனிதர்களில் பார்த்தபோது, போதை உணர்வுதான் சீக்கிரம் குறைகிறது, முடிவெடுக்கும் திறமையும் கை வேகமும் அதே அளவுக்குத் திரும்புவதில்லை. விஞ்ச் சுற்றும்போது கயிற்றில் கை மாட்டுவது, படகின் விளிம்பில் நின்று சிறுநீர் கழிக்கும்போது தவறி விழுவது, இவையெல்லாம் தெளிந்துவிட்டதாக நினைக்கும் நேரத்தில் நடக்கக்கூடியவை.

கண்ணை மூடினால் கட்டில் சுற்றுகிறது என்பார்களே, அதையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு மிகவும் பிடித்த விஷயம். காதின் உட்பகுதியில் மூன்று அரைவட்டக் குழாய்கள், உள்ளே திரவம், அதில் ஜெல்லிபோல ஒரு சின்னத் தடுப்பு. தலை திரும்பினால் திரவம் தடுப்பைத் தள்ளும், மூளைக்குச் செய்தி போகும். சாதாரணமாக இரண்டும் ஒரே அடர்த்தி. ரத்தத்திலிருந்து ஆல்கஹால் முதலில் தடுப்புக்குள் போய்விடும், அது திரவத்தைவிட லேசாகி மிதக்க ஆரம்பிக்கும். படுத்தவுடன் தலை சுற்றுவதாகத் தவறான செய்தி போகும். சில மணி நேரத்தில் திரவத்துக்குள்ளும் ஆல்கஹால் சேர்ந்து சமமாகிவிடும், சுற்றல் நிற்கும். பிறகு தடுப்பிலிருந்து முதலில் வடிந்துபோய், சுற்றல் திரும்ப வரும், இந்த முறை எதிர்த்திசையில். கனடாவில் மனி, மைல்ஸ் என்ற இருவர் 1974-ல் கனநீரைக் கொடுத்துப் பார்த்தார்கள். அது அடர்த்தி கூடியது என்பதால், சுற்றலோடு சேர்ந்து வரும் கண் ஆட்டம் ஆல்கஹாலுக்கு நேர் எதிரான திசையில் இருந்தது. அதனால் இந்த விளக்கம் உறுதியானது. கடல் ஒத்துக்கொள்ளாத புது ஆளுக்கும் வருடக்கணக்கில் அலையில் நின்றவருக்கும் இந்தச் சுற்றலைச் சமாளிப்பதில் வேறுபாடு இருக்கும் என்று நான் நினைக்கிறேன், ஆனால் அது என் அனுமானம் மட்டுமே. வாந்தி வரும் ஆளை "ஒத்துக்கல" என்கிறோம். அந்த வாந்தி அவரை அடுத்த குவார்ட்டரிலிருந்து காப்பாற்றுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இனி முக்கியமான இடம், மூளை. மூளையில் வேகத்தைக் குறைக்கும் வேதிப்பொருள் காபா, கூட்டுவது குளுட்டமேட். ஆல்கஹால் முதலாவதுக்குத் துணைபோகும், இரண்டாவதை அமுக்கும். தினமும் இதையே செய்துகொண்டிருந்தால் மூளை சும்மா இருக்காது, எதிர்ப்பக்கம் பலம் சேர்க்கும். பாய் கட்டிய வல்லத்தைக் காற்று ஒரு பக்கம் சாய்க்கும்போது ஆட்கள் எதிர்ப்பக்கப் பலகையில் போய் உட்காருவார்கள் இல்லையா, அப்படி. பார்க்கிறவருக்கு வல்லம் நேராகப் போவதுபோலத் தெரியும். காற்று பலமாகத்தான் அடித்துக்கொண்டிருக்கிறது. இப்படி எதிர்ப்பாரம் வைத்துப் பழகிய மூளையைத்தான் "உடம்பு ஏத்துக்குது" என்று சொல்கிறோம். உங்கள் வீட்டுக்காரர் நேராக நடப்பதற்கு எடை ஒரு காரணம், இந்தப் பழக்கம் இன்னொரு காரணமாக இருக்கலாம். பழகுவது மூளை மட்டுமே. ஈரல், கணையம், இதயத் தசை, கால் நரம்பு எதுவும் இப்படிப் பழகிக்கொண்டு தப்பித்துக்கொள்வதில்லை. அவற்றுக்குக் கணக்கு கிராம்தான். தெரியாததால் கூட ஊற்றிக்கொள்கிறவருக்குக் கிராமும் கூடிக்கொண்டே போகும்.

ஈரலிலும் ஒரு மாற்றம் நடக்கும், அதைப் பழக்கம் என்று தவறாகப் புரிந்துகொள்வார்கள். சார்லஸ் லீபர் என்பவர் 1968-ல் நியூயார்க்கில் கண்டுபிடித்தது: அடிக்கடி குடிப்பவரின் ஈரலில் ஆல்கஹாலை உடைக்கும் இரண்டாவது வழி ஒன்று பெருகும். அதனால் கொஞ்சம் வேகமாகக் கரையும். அதே வழி பாராசிட்டமாலை நஞ்சாக மாற்றும் வேலையையும் செய்யும். காலையில் தலைவலிக்கு இரண்டு, மதியம் உடம்பு வலிக்கு இரண்டு என்று போட்டுக்கொள்ளும் பழக்கம் நம் கரையில் நிறைய. தினமும் குடிப்பவர் நாளைக்கு 2 கிராமுக்கு மேல், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை நான்குக்கு மேல், டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது.

பாடுவது, அழுவது, அடிப்பது. இங்கே உடம்போடு மனமும் ஊரும் சேர்ந்துகொள்கின்றன. ஆலன் மார்லாட் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் 1970-களில் ஒரு தந்திரம் செய்தார்கள். சிலருக்கு வோட்கா கலந்த டானிக் தண்ணீர் (கசப்புச் சோடா), சிலருக்கு வெறும் டானிக். கொடுக்கும்போது சொன்னது சிலரிடம் உண்மை, சிலரிடம் பொய். வெறும் டானிக்கைக் குடித்துவிட்டு வோட்கா என்று நம்பியவர்கள் அதிகமாகக் குடித்தார்கள். வேறொரு சோதனையில் அப்படி நம்பியவர்கள் கடுமையாகவும் நடந்துகொண்டார்கள். நம்பிக்கைக்குப் பங்கு உண்டு என்பது உறுதி. பங்கு எவ்வளவு என்பது வாதம்: பின்னால் வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் கைநீட்டுவதில் ஆல்கஹாலின் நேரடி வேலையும் கணிசமாக இருக்கிறது என்கிறார்கள். 1990-ல் ஸ்டீல், ஜோசஃப்ஸ் என்ற இருவர் சொன்ன விளக்கம் எனக்கு ஒத்துப்போகிறது. போதையில் மனம் கண்ணுக்கு நேரே இருப்பதை மட்டும் பார்க்கும், ஓரத்தில் இருப்பதை விட்டுவிடும். எதிரே சிரிப்பு இருந்தால் பாட்டு வரும். எதிரே பழைய கடன்காரர் நின்றால் சண்டை வரும்.

ஆனால் ஒன்று. குடித்துவிட்டு வீட்டில் கைநீட்டுகிறவர் அதே போதையில் சம்மாட்டி (படகு முதலாளி) முன்னால் குரலை உயர்த்தாமல் நிற்பதை இந்தக் கரையில் யாரும் பார்த்திருக்கலாம். போதை அவர் பிடியை முழுக்கப் பறித்துவிட்டது என்றால் அது எப்படி? அடிக்கு ஆல்கஹாலைக் காரணம் காட்டி மன்னிக்கும் வழக்கம் எனக்கு ஒப்புக்கொள்ள முடியாதது. நீங்கள் அப்படி எதுவும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

நினைவு மறப்பதும் ஆளுக்கு ஆள் வேறு. நேற்று இரவு பேசியது, நடந்தது, யாரையோ போனில் திட்டியது எதுவும் நினைவில்லை என்பவர் நடித்துத் தப்பிக்கிறார் என்று முடிவுகட்ட வேண்டாம். ரத்தத்தில் அளவு வேகமாக ஏறும்போது புது நினைவைப் பதிவு செய்யும் பகுதி நின்றுவிடும், பேச்சும் நடையும் ஓடிக்கொண்டிருக்கும். நேராக நடந்து வரும் வீட்டுக்காரரிடம் மறுநாள் காலை, இரவு என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். அடிக்கடி பதில் வராவிட்டால் அவருக்கு ஏறுகிறது, வெளியே தெரியவில்லை என்று அர்த்தம்.

மகனுக்கு வருவோம். குடிநோய் வரும் வாய்ப்பில் சுமார் பாதி பரம்பரையிலிருந்து வருகிறது என்று இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் சொல்கின்றன. மீதிப் பாதி சூழல். கலிபோர்னியாவில் மார்க் ஷுக்கிட் என்ற மனநல மருத்துவர், குடிநோயாளிகளின் மகன்களை 20 வயதை ஒட்டி வரவழைத்து, அளந்து ஆல்கஹால் கொடுத்து, யாருக்கு எவ்வளவு தெரிகிறது என்று பார்த்தார். பத்து வருடம் கழித்து அவர்களையே தேடிப்போய்ப் பார்த்தார். 1994-ல் வெளியான முடிவு: அன்றைக்குப் போதை குறைவாகத் தெரிந்தவர்களில் 56 சதவீதம் பேர் குடிநோய்க்குள் போயிருந்தார்கள், நன்றாகத் தெரிந்தவர்களில் 14 சதவீதம். உங்கள் மாமியார் சொன்னதற்கு நேர் எதிரானது இது. முதல் சில தடவையிலேயே "எனக்கு ஒண்ணும் பண்ணல" என்கிற பையன்தான் அதிகம் குடித்துப் பார்க்கப்போகிறவன், நிறுத்தச் சொல்லும் மணி அவனுக்குள் மெதுவாக அடிக்கிறது. இதை எல்லா ஆய்வாளரும் இதே வடிவத்தில் ஏற்கவில்லை. சிகாகோவில் ஆண்ட்ரியா கிங் குழுவினர், மயக்கம் குறைவாகவும் உற்சாகம் அதிகமாகவும் தெரிகிறவர்களே ஆபத்தில் இருக்கிறார்கள் என்கிறார்கள். இரண்டு கட்சியும் ஒத்துப்போகும் இடம், மட்டையாகாமல் நிற்பது நல்ல அறிகுறி இல்லை என்பது. மகன் அப்பாவைப்போலவா, சித்தப்பாவைப்போலவா என்று எந்தப் பரிசோதனையும் முன்கூட்டிச் சொல்லாது. நான் அவனிடம் பேசுவதாக இருந்தால் வீட்டில் இப்படி ஒரு வழி ஓடுகிறது என்பதை மட்டும் வெளிப்படையாகச் சொல்வேன், பயமுறுத்த மாட்டேன். படகில் முதல் வருடம் பெரியவர்கள் ஊற்றிக்கொடுப்பதை மறுப்பது எவ்வளவு கஷ்டம் என்பது தெரிந்தே சொல்கிறேன். மருந்து சாப்பிடுகிறேன் என்று ஒரு சாக்குச் சொல்லிக்கொள்ளட்டும், அதில் தப்பில்லை.

மருந்து என்றதும் ஒன்று. ஜப்பான், சீனா, கொரியாவில் மூன்றில் ஒருவருக்காவது ஒரு வாய் குடித்ததும் முகம் சிவந்து, நெஞ்சு படபடக்கும். ஆல்கஹால் உடைந்து வரும் அசிட்டால்டிஹைடை அடுத்த கட்டத்துக்கு அனுப்பும் நொதி அவர்களுக்குச் சரியாக வேலை செய்யாது. நம் நாட்டில் அந்த மரபணு மாற்றம் அரிது. அதனால் இங்கே ஒருவருக்குத் திடீரென்று அப்படி ஆனால் முதலில் மாத்திரையைத்தான் சந்தேகப்பட வேண்டும். டைசல்ஃபிராம் என்ற மருந்து அதே நொதியை வேண்டுமென்றே முடக்குவது, 1940-களின் கடைசியில் டென்மார்க்கிலிருந்து வந்தது. குடிப்பவர் தெரிந்து, சம்மதித்து, டாக்டர் பார்வையில் சாப்பிட்டால் சிலருக்கு நன்றாக உதவும். அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்தால், குடித்தவுடன் ரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம். "தெரியாமல் கொடுக்கலாம், குடியை மறப்பார்" என்று விற்கும் பவுடர்களில் என்ன இருக்கிறது என்று பாக்கெட்டை வைத்து யாராலும் சொல்ல முடியாது. வாங்காதீர்கள். மெட்ரோனிடசோல் சாப்பிடும்போது குடித்தாலும் இப்படி ஆகும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கு ஆதாரம் பலமாக இல்லை என்று இப்போது தெரிகிறது, அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2021-ல் அந்த எச்சரிக்கையைக் கைவிட்டது. சந்தேகமே இல்லாத ஆபத்து வேறு இடத்தில்: கடல் மயக்கத்துக்குப் போடும் அவோமின், சளிக்குப் போடும் மாத்திரை, தூக்க மாத்திரை. இவற்றோடு குடித்தால் மயக்கம் ஒன்றோடொன்று சேரும். மகன் முதல் நாள் கடலுக்கு அவோமின் போட்டுக்கொண்டு போனால், அன்று ஒரு கட்டிங்கூட வேண்டாம்.

குடித்த பல பேரில் சிலருக்கு மட்டும் கண் மங்குகிறது, வயிறு கடுமையாக வலிக்கிறது, மூச்சு வாங்குகிறது என்றால் அது உடம்பு வேறுபாடு இல்லை, மெத்தனால். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தது இதனால்தான். நேராக ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், கூடக் குடித்தவர்களையும் இழுத்துக்கொண்டு.

பழக்கம் நிரந்தரமும் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், கையில் காசு குறைவு. மாலை போட்டவர்கள், தவக்காலத்தில் நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். பல வாரம் நிறுத்திவிட்டுப் பழைய அளவிலேயே திரும்ப ஆரம்பித்தால் மூளையின் எதிர்ப்பாரம் குறைந்திருக்கும், அதே குவார்ட்டர் ஆளைச் சாய்த்துவிடும். வழக்கமான இடத்தில், வழக்கமான கூட்டத்தோடு குடிக்கும்போது உடம்பு முன்கூட்டியே தயாராகிக்கொள்கிறது, புது இடத்தில் அந்தத் தயாரிப்பு இருக்காது என்பதற்கும் ஓரளவு ஆதாரம் உண்டு. மதுரையில் கல்யாணத்துக்குப் போன இடத்தில் தாறுமாறாக ஆகிவிட்டது என்பதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம், வெறும் வயிறும் இருக்கலாம். இவை இரண்டும் இல்லாமல், தினமும் ஹாஃப் அடித்தவர் இப்போது கட்டிங்கிலேயே தள்ளாடுகிறார் என்றால் அதை நல்ல சேதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஈரல் சுருங்க ஆரம்பித்தவர்களிடம் இப்படி ஒரு கட்டம் வரும். கால் வீக்கம், வயிறு உப்பல், கண்ணில் மஞ்சள், பகலில் தூக்கம் இரவில் விழிப்பு, இதில் ஏதாவது சேர்ந்தால் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக்கொண்டு வாரக்கணக்கில் காத்திருக்கக் கூடாது.

கடைசியாக, வல்லத்தில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். காற்று சட்டென்று நின்றுவிட்டால் வல்லம் அவர்கள் பக்கம்தான் கவிழும். தினமும் குடித்து, வெளியே தெரியாமல் நடமாடியவர் திடீரென நிறுத்தும்போது நடப்பது இது. 6 முதல் 12 மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, எரிச்சல். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாள் கழித்துச் சிலருக்கு இடம், நேரம் குழம்பி, பூச்சி ஊர்கிறது, யாரோ கூப்பிடுகிறார்கள் என்று தோன்றும். காய்ச்சலும் நெஞ்சுத் துடிப்பும் ஏறும். தங்குகடலுக்குப் போன இடத்தில் மூன்றாம் நாள் இது வந்தால் பக்கத்தில் ஆஸ்பத்திரி கிடையாது. கரையில் வந்தால், பேய் பிடித்துவிட்டது என்று ஏர்வாடிக்குக் கூட்டிப்போவார்கள். நம்பிக்கையில் நான் தலையிட மாட்டேன். தர்காவுக்கு அப்புறம் போகலாம், முதலில் ஊசி போட வேண்டும். இது உயிர் போகிற நிலை, சிகிச்சை கொடுத்தால் பெரும்பாலானவர்கள் சில நாளில் தெளிந்துவிடுவார்கள்.

அதனால் உங்கள் வீட்டுக்காரரிடம் "இன்றோடு நிறுத்து" என்று சத்தியம் வாங்குவதற்கு முன்னால் சில விஷயங்களைக் கவனியுங்கள். காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறதா, அது அடங்க ஒரு வாய் குடிக்கிறாரா, ஒரு வருடத்துக்கு முன் இருந்த அளவு கூடியிருக்கிறதா, கடலில் குடிக்காத நாளில் தூக்கம் வராமல் வியர்த்துக்கொண்டு கிடப்பதாகக் கூட வருபவர்கள் சொல்கிறார்களா, முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா. இதில் ஒன்று இருந்தாலும் வீட்டில் வைத்து நிறுத்த முயல வேண்டாம். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுங்கள், சில நாள் உள்ளே படுக்க வேண்டியிருக்கும், நடுக்கத்தை அடக்கும் மாத்திரையும் பி1 வைட்டமின் ஊசியும் போடுவார்கள். போவதற்கு முன் பேசிப் பார்க்க வேண்டுமானால் 14416 மனநல உதவிக்கு, 14446 குடி, போதைப்பொருள் உதவிக்கு, இரண்டுக்கும் காசு கிடையாது. தடைக்காலத்தில் போவது வசதி, வருமானம் போகிறதே என்ற பேச்சு இருக்காது. கூடப் போகிறவர் அவர் குடிக்கும் அளவை மறைக்காமல் சொல்ல வேண்டும். "எப்பவாவது ஒரு கட்டிங்" என்று வெட்கத்தில் சொல்லிவிட்டால், அந்த அளவுக்குத்தான் மாத்திரை எழுதுவார்கள், அது போதாமல் இரண்டாம் நாள் ராத்திரி வலிப்பு வரலாம்.